மொட்டைமாடிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

மந்தைவெளியில் நீ வழக்கமாகப் போய்வந்த கோழித் தீவனக் கடையில் இன்று மதியம் புதுக் கிளிஞ்சல் மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். கத்தி பட்டதும் ஈரமான கடல் வாசனை கடை முழுக்கப் பரவியது. எனக்கு முன்னால் நின்றவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஓர் அடி முன்னால் போய் நின்றேன். உன் கைப்பையில், உன் சேலை மடிப்பில், சில நாள் ஞாயிறு பூசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூட வந்த வாசனை அது. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு அபிராமபுரம் வரை நடந்தே வந்தேன். உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பை இன்னும் மடியில்தான் இருக்கிறது.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் கோழிகள் விஷயத்தில் நடந்ததை உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஒரே பள்ளியில் நீ விளையாட்டு டீச்சர், நான் கெமிஸ்ட்ரி டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு நான் பேரன் பேத்திக்குப் பாடம் சொல்லப் போனேன். நீ மொட்டைமாடியில் வலை அடித்து எட்டு முட்டைக்கோழிகளைக் கொண்டுவந்து விட்டாய். அவற்றுக்கு நீ வைத்த பெயர்களை இப்போதும் வெளியாள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ரிலே, ஹை ஜம்ப், ஷாட்புட், ஹர்டில்ஸ். கொழுத்துப்போய் மெதுவாக நடந்ததற்கு மாரத்தான். "பேர் வெச்சாதான்டி அதுங்க மேல பொறுப்பு வரும். ரோல் நம்பர் மட்டும் வெச்சுக் கூப்பிட்டா எந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்?" என்றாய்.

உன் தம்பி கீழ்வீட்டில்தான் இருக்கிறார். நல்லவர். கோழி எச்சத்தின் நாற்றம் மட்டும் அவருக்கு ஆகாது. உன் நாற்பதாம் நாள் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், அக்கா இருந்தவரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசல. முட்டை ஒழுங்கா வர்ற வரைக்கும் இருக்கட்டும். வரலைன்னா ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டுடுவேன். சும்மா தீனி போட்டு வளர்க்க யாரால முடியும்?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முட்டை ஓட்டைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. முப்பது வருடம் கரும்பலகையில் கால்சியம் கார்பனேட் எழுதியவள் அல்லவா.

ஏப்ரல் பாதியில் ஓடு மெலிய ஆரம்பித்தது. எடுக்கும்போதே விரல் உள்ளே போனது. பிறகு ஓடே இல்லாத தோல்முட்டைகள் வந்தன, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று முடிவு கட்டினேன். கிளிஞ்சலை மாவாக இடித்துத் தீவனம் முழுவதிலும் கலந்தேன். கோழிகள் தீவனத்தைக் கொத்திவிட்டுத் தலையை உதறிக்கொண்டு நகர்ந்தன. சாதத்தில் சுண்ணாம்பைப் பிசைந்து வைத்தால் நாம் சாப்பிடுவோமா? அந்தச் சின்ன உதாரணம்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கோழிக்கு வியர்க்காது. வெயிலில் வாயைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டைத் தள்ளும். அப்படி இரைக்க இரைக்க ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு வெளியே போய்விடும். ஓடு கட்ட அதுவும் வேண்டும். செங்கல் லோடு வந்து இறங்கினால் மட்டும் சுவர் எழும்பிவிடுமா, சிமெண்ட் வேண்டாமா? கிளிஞ்சல் செங்கல் என்றால் இது சிமெண்ட். அதற்காகத் தண்ணீரில் சமையல் சோடா கொஞ்சம் கலக்கலாம் என்று இருந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சோடா போட்டேன். உன் நினைவு வந்து உப்பும் போட்டேன்.

உன் நினைவு என்று சொன்னது எதற்குத் தெரியுமா? விளையாட்டு விழா நாளில் மைதானத்து ஓரம் ஒரு பெரிய பானையை வைத்துக்கொண்டு நிற்பாயே, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரோடு. ஓடப்போகும் பிள்ளை ஒவ்வொன்றும் உன்னைத் தாண்டித்தான் போக வேண்டும். "தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டு. முதல்லயே குடி" என்பாய். நான் நிழலில் உட்கார்ந்து, இவள் சாறு விற்கிறாள் என்று கேலி செய்வேன். அந்தப் பானைதான் என் மனதில் இருந்தது. உன் பிள்ளைகளுக்கு உப்பு கொடுத்தாய், நான் உன் கோழிகளுக்குக் கொடுக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

மே முதல் வாரம் நிலைமை இன்னும் மோசமானது. எச்சம் தண்ணீராகப் போனது. எட்டில் ஆறு தோல்முட்டை போட்டன. ஷாட்புட் ஒரு மூலையில் வாலைத் தாழ்த்தி உட்கார்ந்தது, எழவே இல்லை. ஓடு பிடிக்காத முட்டை உள்ளே சிக்கிக்கொண்டது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். மறுநாள் மதியம் அது என் மடியிலேயே செத்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆனால் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அன்று உன் வீட்டில் வேலை செய்யும் குமாரிதான் கூட இருந்தாள். ஆற்றோரக் குடிசைகளை எடுத்த பிறகு ஊருக்கு வெளியே போனவள், இப்போதும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோடாவையும் உப்பையும் அளந்து போட்டேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, அதுல இன்னாத்த கலக்கினுகீற?"

"உப்பு. வெயிலுக்கு நல்லது."

அவள் குழாயைத் திறந்து ஒரு கை ஏந்தி வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"இத்த நீ குடிப்பியா? போர் தண்ணி. சித்திரை வந்தா கடல்தண்ணி மாதிரி கரிக்கும். இதுல இன்னும் உப்ப வேற கொட்றியே. நல்லா படிச்ச போ."

நானும் ஒரு வாய் குடித்தேன். நாக்கு சுருங்கியது.

குளோரைடு சோதனை உனக்கு நினைவிருக்கும், பரிசோதனைக் கூடத்தின் வழியே போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, தயிர் உறைகிறதா என்று கேட்பாயே. உப்புத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரியும். அதை எத்தனை பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருப்பேன். தலைக்கு மேலே இருந்த தொட்டித் தண்ணீரை ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுபடியும் நூலகத்துக்குப் போனேன். தண்ணீரில் உப்பு மிகுந்தால் ஓடு கட்டும் வேலையே தடைப்படும் என்று நான் முன்பு புரட்டிய அதே புத்தகத்தில், நான்கு பக்கம் தள்ளி இருந்தது.

அதற்கப்புறம்தான் நீ கீழே மெட்ரோ வாட்டர் அடிபம்பில் நல்ல தண்ணீர் அடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறியது கண்முன் வந்தது. போன கோடையில் கீழே நின்று நான்தான் சிரித்தேன். "கோழிக்கும் மினரல் வாட்டரா? மாடியில குழாய் இல்லையா?" நீ மூச்சு வாங்கிக்கொண்டே, "போடி, உன் வேலையைப் பார்த்துக்கிட்டு" என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நாம் இருவரும் பேசாத விஷயமே இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து நான் குடம் தூக்குகிறேன். நாற்பத்திரண்டு படி. முழங்கால் இருபதாவது படியில் ஒரு முறை, முப்பதில் ஒரு முறை நிற்கச் சொல்லும். நின்றுவிட்டு ஏறுவேன். தண்ணீரில் உப்பு கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் மட்டும் ஒரு சிட்டிகை சோடா. தண்ணீர்ச் சட்டியை நிழலுக்கு மாற்றினேன். கிளிஞ்சலை இடிப்பதை நிறுத்திவிட்டேன். குறுணையாகவே தனிக் கிண்ணத்தில், சாயங்காலம் நான்கு மணிக்கு வைக்கிறேன். ஓடு இருட்டில்தான் கட்டப்படும், குறுணை இரைப்பையில் தங்கி மெதுவாகக் கரைந்து அதற்கு உதவும். வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன். மறுநாள் முட்டையிடப் போகும் ரிலே ஓடி வந்து கொத்தும். முட்டையை நிறுத்திவிட்ட மாரத்தான் கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்காது. தனக்கு என்ன வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. வகுப்பு முழுவதற்கும் ஒரே மருந்தை ஊட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

ஒரு வாரம் எந்த மாற்றமும் இல்லை. குமாரி என் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கப் பார்த்தாள். "வயசான காலத்துல இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேல? குடு நான் எத்தினு போறேன்." நான் தரவில்லை. பத்தாம் நாள் ரிலேயின் முட்டை விரலுக்குத் தாங்கியது. பிறகு ஹர்டில்ஸ். ஒவ்வொன்றாக வந்தன.

நேற்று உன் தம்பி மாடிக்கு வந்தார். கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் மெதுவாகத் தட்டினார். உடையவில்லை. கொஞ்சம் ஓங்கித் தட்டிய பிறகுதான் விரிசல் விட்டது.

"ரெண்டு தட்டு கேக்குதே" என்றார். பிறகு கூண்டை எட்டிப் பார்த்தார். "அங்க ஒண்ணு இன்னும் தோல்முட்டைதான் போட்டு வெச்சிருக்கு."

"ஹை ஜம்ப்."

"அதையும் முட்டையே போடாத அந்தக் கிழத்தையும் மட்டும் குடுத்துடலாமா, டீச்சர்?"

"ஒரு பாடத்துல ஃபெயிலான பிள்ளையை நாங்க டிசி குடுத்து அனுப்பினதில்ல தம்பி. உங்க அக்கா இருந்தா இந்நேரம் உங்களையும் மைதானத்தைச் சுத்தி ஓட விட்டிருப்பா."

அவர் சிரித்துவிட்டார். உடைந்த முட்டையை வீணாக்காமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பிப் பார்க்காமலே, "எது வரைக்கும்?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சு போர் தண்ணி இனிக்கிற வரைக்கும் குடம் தூக்குவேன். கோழிங்க அதுக்கப்புறமும் இருக்கும்."

அவர் இறங்கிப் போய்விட்டார். இன்று விடிகாலை நான் வந்தபோது அடிபம்புக்குக் கீழே, எனக்கு முன்னாலேயே யாரோ தண்ணீர் அடித்து வைத்திருந்தார்கள். அரைக் குடம்தான், என் முழங்காலுக்குத் தோதாக.

ஷாட்புட்டுக்கு நான் செய்ததை மறக்க மாட்டேன். உன்னிடம் ஏன் என்று கேட்காமல் சிரித்ததையும் மறக்க மாட்டேன். யாருக்கு எதை ஊற்றுவதானாலும் முதலில் ஒரு வாய் நான் குடித்துப் பார்க்கிறேன். அதை இனி விடமாட்டேன். மணி நான்காகிறது. இந்தக் கிளிஞ்சலை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். ஹை ஜம்ப் இந்த நேரத்துக்குக் கம்பிவலை ஓரம் வந்து நின்றுகொண்டிருக்கும்.