இருநூற்று எழுபத்தைந்து கிராம் கூரை

அன்புள்ள என்னவருக்கு,

நலம் கேட்டு எழுதுவது முறை. கேட்டுவிட்டேன். இங்கே மாமா, சின்னவள், நான் மூவரும் நலம். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம், போனில் நான் பாதி சொல்வதற்குள் "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவீர்கள். இதில் குறுக்கே பேச வழியில்லை.

மொட்டை மாடியில் உங்கள் மோட்டார் பட்டறைக்குக் கூரை போட்டாகிவிட்டது. ஆனால் நீங்கள் சொன்ன தகட்டைப் போடவில்லை. கோபப்படுவதற்கு முன்னால் மேலே படியுங்கள்.

"நூத்தி இருபதுன்னு கேட்டு ஜி.ஐ. தகடு வாங்கு, அது போதும். ரெண்டு வருஷம் பட்டறை நடத்திப் பார்க்கறேன், சரிவரலேன்னா கழட்டிப் போட்டுட்டு மறுபடி வெளிநாட்டுக்கே திரும்பிடறேன்" என்றீர்கள். எண் பெரிதானால் தகடு கனமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தகட்டுக் கடை அக்கா இரண்டு துண்டுகளை என் கையில் கொடுத்தார். இரண்டும் ஒரே கனம். "எண் சொல்றது இரும்பு மேல பூசியிருக்கிற துத்தநாகத்தை. ஒரு சதுர மீட்டருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து இதுல நூத்தி இருபது கிராம், அதுல எரநூத்தி எழுபத்தஞ்சு" என்றார். காற்றுக்கு வளையாத வலு இரும்பில் இருக்கிறது, அதற்கு வேறு எண்ணாம். துருவைத் தடுப்பது துத்தநாகம்தான். கீறல் விழுந்தாலும் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுமாம்.

எதற்குப் போடுகிறீர்கள், எங்கே போடுகிறீர்கள், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார். பட்டறைக் கூரை, கடலிலிருந்து நாலு தெரு தள்ளி என்று சொன்னேன். வீட்டுக்குள்ளே போடுவதென்றால் நூற்று இருபதே தாராளம், உப்புக் காற்றுக்கு அது தாங்காது என்றார். மூன்றாவது கேள்விக்கு இரண்டு வருஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் இருபது வருஷம் என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் இருநூற்று எழுபத்தைந்தை எடுத்து வைத்தார்.

இனி உங்கள் அப்பா செய்த கூத்தைக் கேளுங்கள். தகடு வந்து இறங்கிய அன்றே மழை பிடித்துக்கொண்டது. மகனின் தகடு நனைந்துவிடுமே என்று மாமா தார்ப்பாயைப் போட்டு, காற்றுக்கூடப் புகாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் அப்படிச் சுற்றியிருக்க மாட்டார்கள். மழை விட்டதும் பிரித்தால், தகட்டுக்குத் தகடு மாவு தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மாமா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அவன் வந்து பார்த்தா இதையே சாக்கா வெச்சுத் திரும்பிப் போயிடுவான்மா" என்றார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை.

உங்கள் அப்பா இத்தனை நாளும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை ஏக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்பது போலத்தான் இருப்பார். அன்றைக்குத்தான் அவர் மனசு எனக்குத் தெரிந்தது.

கடை அக்காவே நேரில் வந்து பார்த்தார். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு காற்று இல்லாமல் துத்தநாகம் பூத்த பூப்பு, நல்லவேளை மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்றார். நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டினார். உள்ளே பூச்சு அப்படியே இருந்தது. "கொஞ்சம் போனாலும் நிறைய மிச்சம் இருக்கு, பயப்படாதீங்க" என்றார். மாமா ஒவ்வொரு தகடாகத் தேய்த்து, சுவரில் சாய்த்துக் காய வைத்தார். நானும் சின்னவளும் பிரஷ்ஷைக் கேட்டோம், தரவில்லை. பிறகு கூரை மாட்ட வந்த ஃபிட்டர் துளை போட்டபோதும் மாமா அவர் பின்னாலேயே பூந்துடைப்பத்தோடு நின்றார். அந்த இரும்புத் தூள் தகட்டில் கிடந்தால் துருப்பிடித்துக் கறையாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஃபிட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது கூரை நன்றாக நிற்கிறது. மேலே பெயின்ட்டும் அடித்தாகிவிட்டது. உங்கள் மேசைக்கு வெளிச்சம் விழும் இடத்தை விட்டுவிட்டு, ஒரு மூலையில் சாக்கட்டியால் கோடு போட்டு அது தன்னுடையது என்கிறாள் சின்னவள். அப்பா மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும்போது தான் அங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறாளாம். பக்கத்துத் தெரு மாவு மில்காரர் இரண்டு முறை வந்து நீங்கள் எப்போது வருவீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார். அவருடைய மோட்டார் கருகிக் கிடக்கிறது.

இன்னும் ஒரே ஒரு விஷயம். இருபது வருஷம் தாங்குமா என்று அக்காவிடம் கேட்டேன். சத்தியம் செய்து கொடுக்க மாட்டேன், கவனித்துக்கொண்டால் தாங்கும் என்றார். மேல்பக்கத்தை மழை கழுவிவிடும். கூரையின் ஓரத்து அடிப்பக்கம் மழை படாத இடம், அங்கேதான் உப்பு படிந்து தின்னும். வருஷம் தவறாமல் அதை நல்ல தண்ணீரால் கழுவவேண்டுமாம். நேற்று ஏணி போட்டுப் பார்த்தேன். எனக்கு எட்டவில்லை. மாமா ஏறுகிறேன் என்றார், நான் விடவில்லை. அந்த ஓரம் இந்த வீட்டில் உங்கள் ஒருவர் கைக்குத்தான் எட்டும். இந்த வருஷம் மட்டுமில்லை, வருஷா வருஷம் கழுவவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொண்டு, பத்திரமாக வந்து சேருங்கள்.

ஏணியைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி