இரண்டு வாளிக் கிணறு

திருநெல்வேலி,
9 பெப்ரவரி 2025

கோலில்லாக் குடிகள் குழுவினருக்கு,

வணக்கம். மின்னஞ்சலாக இருந்தாலும் ஊரும் தேதியும் போட்டு, முழுக் கடிதமாகத்தான் அறிமுகம் எழுதவேண்டும் என்று உங்கள் வாசல் விதி சொல்கிறது. அரசே வேண்டாம் என்கிறவர்களிடம் வருவதற்கும் ஒரு விதியா என்று சிரித்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். கோபிக்கவேண்டாம்.

என் பெயர் சுதாகரன். வயது நாற்பத்தைந்து. கணினிக்கு நிரல் எழுதுவது தொழில். யாழ்ப்பாணத்தில், பலாலி வீதியில் ஒரு வாடகை வீட்டு மேல்மாடியில் இருந்தபடி, நான் ஒருநாளும் பார்த்திராத நாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். கலியாணம் கட்டவில்லை. அப்பா இல்லை. அம்மா சிவக்கொழுந்து என்னுடன் இருக்கிறார். என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "பெடியன் கொம்பியூட்டரோடை கதைக்கிறவன்" என்று சொல்வார்.

இந்தச் சிந்தனைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் படித்து வரவில்லை. இருபது வயதுக்குள் அரசு, இந்தியப் படை, இயக்கம் என்று வெவ்வேறு ஆட்கள் என்னை ஆண்டு முடித்துவிட்டார்கள். எல்லோரும் அடையாள அட்டை கேட்டார்கள். ஒருவர் தந்த அட்டையை மற்றவரிடம் காட்டினால் ஆபத்து. எனக்கு அப்போதே அலுத்துவிட்டது. பிறகு நிரல் எழுதப் பழகினேன். முகம் தெரியாத ஆட்கள் உலகம் முழுக்க இருந்து சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று விட்டிருக்கிற நிரல்களைக் கண்டேன். அங்கே கட்டளையிட ஆளில்லை. பிழையைக் கண்டவன் திருத்துகிறான். பிடிக்காதவன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தன் பாட்டில் போகிறான். அட, இது நடக்கிற காரியம்தான் என்று நம்பத் தொடங்கியது அங்கேதான்.

அரசில்லாத ஓர் இடத்தைக் கண்ணால் கண்டதுண்டா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. உண்டு. அது ஒரு கிணறு.

நான் பிறந்தது மயிலிட்டி. கடற்கரை ஊர். தோண்டும் இடமெல்லாம் உவர்த் தண்ணீர். எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் மட்டும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. வேலி வந்து கிணற்றுக்கட்டின் ஒரு பக்கத்தில் நின்றுவிடும், மற்றப் பக்கத்தில் திரும்பத் தொடங்கும். எங்கள் பக்கம் ஒரு கப்பியும் வாளியும், அவர்கள் பக்கம் ஒரு கப்பியும் வாளியும். இரண்டு வீட்டுக் காணி உறுதியிலும் கிணற்றில் அரைப்பங்கு என்று எழுதியிருக்கும். ஆனால் என் அப்பா மார்க்கண்டுவும் பக்கத்து வீட்டுச் சோமசேகரமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். வேலி அடைத்தபோது கதியால் தடிகளை இரண்டு முழம் தள்ளி நட்டுவிட்டதாக நீதிமன்றத்தில் வழக்கு. தள்ளியது யார் என்பது நீங்கள் எந்த வீட்டில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தவணை நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் முன்னும் பின்னுமாக இருந்து போய், ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள்.

அந்த நாட்களிலும் கிணற்றடிக்கு மட்டும் வழக்கு வரவில்லை. பெண்கள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் அள்ளினார்கள், கதைத்தார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் யார் எவ்வளவு அள்ளுவதென்று அவர்களே பேசித் தீர்த்தார்கள். பக்கத்து வீட்டு வாளியில் ஓட்டை இருந்தது. பாதித் தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள் கொட்டும். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விடியும்.

1990 ஜூனில் சண்டை மூண்டு எல்லோரும் ஊரைவிட்டு ஓடினோம். வழக்கில் தீர்ப்பு வரவேயில்லை. பொலிசும் ஊர் அலுவலர் விதானையாரும் தலையிடாமல் ஒழுங்காக நடந்த ஒரேயொரு நிர்வாகத்தை நான் அந்தக் கிணற்றில்தான் பார்த்தேன். அதைத் தேடித்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அன்புடன்,
மா. சுதாகரன்


பேர்கன், நோர்வே,
11 பெப்ரவரி 2025

திரு. சுதாகரன் அவர்களுக்கு,

குழுவின் வாசலில் நிற்பவள் நான். புதியவர்களின் கடிதம் முதலில் என்னிடம்தான் வரும். படித்துப் பதில் எழுதி, பிறகு குழுவுக்குக் கதவைத் திறந்துவிடுவேன். உங்கள் கடிதத்தில் ஒரு தகவற்பிழை இருக்கிறது. ஓட்டை வாளி எங்களுடையதல்ல. உங்களுடையது.

ஓம், சோமசேகரத்தின் மகள் றஜனிதான். உம்மைவிட இரண்டு வயது மூத்தவள். கணக்குக் கொப்பியை வாளிக்குள் வைத்துத் தள்ளிவிடுவீர், நான் செய்து திருப்பித் தள்ளுவேன். ஒருநாள் கயிறு வழுக்கிக் கொப்பி தண்ணீருக்குள் போனது. வாத்தியாருக்கு நீர் என்ன பொய் சொன்னீர் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கணக்கெல்லாம் என்னிடம் செய்வித்துவிட்டு எப்படியப்பா நிரல் எழுதுகிறீர்?

உமது கடிதத்தை வேலையிடத்தில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு, கண்ணுக்குள் தூசி என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனேன். எங்கே வேலை செய்கிறேன் தெரியுமா? வரி அலுவலகத்தில். நன்றாகச் சிரியும். குழுவில் ஒருவருக்கும் இது தெரியாது.

கதவை இப்போதைக்குத் திறக்கவில்லை. ஆளைக் கொஞ்சநாள் வாசலில் வைத்துக் கதைக்க ஆசை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும்.

றஜனி


திருநெல்வேலி,
16 பெப்ரவரி 2025

அன்புள்ள றஜனியக்கா,

கொப்பியை மாடு தின்றுவிட்டது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் மாடே இல்லையென்பது வாத்தியாருக்குத் தெரியும். அடி இரட்டிப்பாக விழுந்தது. வாளி விசயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஓட்டை உங்களுடையதுதான்.

பெரிய செய்தி ஒன்று உண்டு. போன மாதம் இராணுவம் எங்கள் காணித் துண்டையும் விட்டுவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா, ஒன்றுமே இல்லை. வீடு, வேலி, ஒழுங்கைப் பாதை எல்லாவற்றையும் டோசர் தள்ளி ஒரே வெளியாகக் கிடக்கிறது. கிணறு மட்டும் நிற்கிறது, கட்டெல்லாம் பாசி பிடித்து. அம்மா அந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு அங்கிருந்து அளந்து நடந்து, "இது குசினி. இது கொப்பர் வலை காயப்போடுற இடம்" என்று அடுப்படியையும் அப்பாவின் இடத்தையும் காட்டினார். நான் ஆம்பிளைப்பிள்ளை என்பதை மறந்து அழுதுவிட்டேன்.

இப்போது அவருக்கு ஒரே கதைதான். "முதல்லை எல்லையைப் போடு, பிறகு வீட்டைக் கட்டு." அந்த இரண்டு முழத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார்! கோலில்லாக் குடியாக மனுப்போட்டுவிட்டு, காணிக்காகப் பிரதேச செயலகத்து மர வாங்கில் இலக்கத் துண்டோடு குந்தியிருக்கிறேன். நீங்களும் நன்றாகச் சிரியுங்கள்.

சுதா


பேர்கன்,
3 மார்ச் 2025

அன்புள்ள சுதா,

கிணறு நிற்கிறது என்ற வரியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது ஞாபகம் கழன்றுகொண்டு வருகிறது. என்னைத் தாதி என்று நினைத்து ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறார். குளிக்க வார்ப்பதென்றால் தினமும் சண்டை. "இந்தக் குழாய்த் தண்ணி கடிக்குது. என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று அழுவார். எந்தக் கிணற்றடி என்று கேட்டால் எனக்குத் தெரியாதா என்பதுபோல் பார்ப்பார்.

அடுத்த வருடம் பயணம் செய்யமுடியாமல் போகலாம் என்கிறார் வைத்தியர். அதனால் ஓகஸ்ட்டில் கூட்டிக்கொண்டு வருகிறேன். தன்னுடைய பக்கத்தில் நின்று, தன்னுடைய வாளியால் அள்ளிய தண்ணீரில் ஒருதரம் அவர் குளிக்கவேண்டும். எனக்கு அந்த ஊரில் வேறொன்றும் தேவையில்லை. இரண்டு முழத்தையும் நீங்களே வைத்திருங்கள். எங்கள் பக்கத்துப் பற்றைக்காட்டை மட்டும் வெட்டி வைப்பீரா?

றஜனியக்கா


திருநெல்வேலி,
8 ஜூன் 2025

அன்புள்ள றஜனியக்கா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. மதில் கட்டி முடிந்துவிட்டது. கிணறு உள்ளே வந்துவிட்டது.

அம்மா பயந்துவிட்டார். பின் ஒழுங்கையில் ஆளில்லாத வளவுகளுக்குள் கதியால்கள் நகரத் தொடங்கிவிட்டன. "அவையள் நோர்வேயாலை வந்தே இருக்கப்போகினம்? வேறை ஆரும் பிடிக்கமுதல் நாங்கள் எடுத்து வைச்சிருப்பம்" என்றார். செயலகத்திலும் மற்றப் பங்குக்காரர் எங்கே என்று கேட்டார்கள். வெளிநாடு என்றேன். அப்படியென்றால் முழுக்கிணற்றையும் உங்கள் பெயரில் பதியலாம் என்றார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஓம் சொல்வது சுலபமாக இருந்தது. மேசன் தனோஜன் சுற்றிக் கட்டியபோது நான் மாடியில் கம்பனிக் கூட்டத்தில் இருந்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டேன்.

இது பாதுகாப்புக்காக மட்டும்தான். நீங்கள் வரும்போது கேற்றைத் திறந்துவிடுவேன். மாமி எவ்வளவு நேரம் வேண்டுமென்றாலும் குளிக்கட்டும்.

சுதா


பேர்கன்,
9 ஜூன் 2025

திரு. சுதாகரன் அவர்களுக்கு,

பாதுகாப்புக்காக எடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு காலமும் அந்த நிலத்தில் நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். பாதுகாப்பு வலயம் என்று பலகையிலும் எழுதி நட்டிருந்தார்கள். எங்கள் அப்பா அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே இங்கே கண்ணை மூடினார்.

கேற்றைத் திறந்துவிடுகிறேன் என்கிறீர்கள். திறந்துவிட ஒருவர் நின்றால், பூட்டவும் அவருக்கு முடியும். அம்மா அந்தக் கிணற்றில் யாரிடமும் கேட்டுக் குளித்ததில்லை. அவருடைய நினைவில் மிஞ்சியிருக்கிற ஒரே இடத்துக்கு அவரைக் கூட்டிவந்து, உங்கள் கேற்றில் அனுமதி கேட்டு நிற்க என்னால் முடியாது. பயணத்தை நிறுத்தலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் அறிமுகக் கடிதம் இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. வைத்திருப்பதா, அழிப்பதா?

சோ. றஜனி


திருநெல்வேலி,
6 ஜூலை 2025

கோலில்லாக் குடிகள் குழுவினருக்கு,

முதற்கடிதத்தையும் வைத்திருங்கள், அதற்குக் கீழே இதையும் போடுங்கள்.

என் பெயர் சுதாகரன். பிழையைக் கண்டவன் திருத்துகிறான் என்று பெருமையாக எழுதியிருந்தேன். அது தன்னுடைய பிழையாக இருந்தால் எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்பதை எழுதவில்லை. ஆட்சி என்பது மேலேயிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். எனக்குள்ளேயும் ஒரு சின்ன அரசாங்கம் இருந்திருக்கிறது. கல்லும் சீமெந்தும் கிடைத்தவுடன் வெளியே வந்துவிட்டது.

மதிலில் பொட்டு வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் வேலியில் ஆள் போய்வர விடும் இடைவெளிக்குப் பொட்டு என்று பெயர். இது கொஞ்சம் பெரிய பொட்டு. முந்திய வேலியைப்போல மதில் இப்போது கிணற்றுக்கட்டின் ஒரு பக்கத்தில் நிற்கிறது, மற்றப் பக்கத்தில் தொடங்குகிறது. தனோஜனும் நானும் சேர்ந்து உடைத்தோம். "உதைக் கட்டமுதல் யோசிச்சிருக்கலாமே அண்ணை?" என்றான். செயலகத்துக்கும் போய், எனக்கு அரைப்பங்குதான் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். கூடக் கேட்டு வருகிறவர்களோடுதான் அவருக்குப் பழக்கம்.

மற்றப் பக்கத்துப் பற்றையை வெட்டி, கப்பி பூட்டி, புது வாளி கட்டியிருக்கிறேன். அம்மா என்னோடு கதையை நிறுத்திவிட்டார். தேத்தண்ணியை மேசையில் டக்கென்று வைத்துவிட்டுப் போவார். நேற்று மட்டும் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "உந்தப் பக்கத்துக் கயிறு காணாது. நீளமாப் பாத்து வாங்கு" என்றார்.

றஜனியக்கா, பயணத்தை நிறுத்திவிட்டீர்களோ தெரியாது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் அது உங்கள் பக்கம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மா. சுதாகரன்


பேர்கன்,
2 செப்டெம்பர் 2025

கோலில்லாக் குடிகளுக்கு,

உங்கள் வாசல்காரி எழுதுகிறேன். புதியவர் ஒருவரை நீண்டநாள் வெளியே நிற்கவைத்துவிட்டேன். அவருடைய இரண்டு கடிதங்களையும் இத்துடன் அனுப்புகிறேன். இடையில் எங்களுக்குள் எழுதிக்கொண்டவை எங்களோடு இருக்கட்டும். அவற்றில் ஒன்று, நான் வரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்பது. அதையும் சொல்லிவிட்டேன், திட்டுகிறவர்கள் திட்டலாம்.

ஓகஸ்ட்டில் அம்மாவை மயிலிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தால், எங்கள் வளவுக்குள்ளால் நடந்துதான் கிணற்றடிக்குப் போனோம். யாரும் எதையும் திறந்துவிடவில்லை. அம்மாவைக் கதிரையில் இருத்தி, சுதா கட்டிவைத்திருந்த வாளியைக் காட்டினேன். அம்மா அதைத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எங்கடை வாளி இல்லை. எங்கடையிலை ஓட்டை இருக்கும்" என்றார்.

சுதா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

நான் அள்ளி வார்த்தேன். அம்மா கண்ணை மூடி, வாயைத் திறந்து, தலையால் வழிந்த தண்ணீரைக் குடித்தார். அழவில்லை, கடிக்கிறது என்று சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் சிவக்கொழுந்து மாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் வணக்கமும் சொல்லவில்லை, போகவும் இல்லை. அம்மா கண்ணைத் திறந்தார். பெற்ற மகள் என்னை மறந்துபோன அம்மா, கிணற்றுக்கு மேலால் நேரே பார்த்துச் சொன்னார்.

"சிவக்கொழுந்து, உன்ரை மனிசன் நட்ட கதியாலைப் பிடுங்கச் சொல்லு. அந்த இரண்டு முழம் எங்கடை."

மாமியின் முகம் கோணியது. முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு தன் பக்கத்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டபடி சொன்னார்.

"பிடுங்கேலாது. வழக்கிருக்கு, கோட்டிலை பாப்பம்."

வெயில் ஏறும்வரை இருவரும் விடவில்லை. நானும் சுதாவும் குறுக்கே போகவில்லை, இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தோம். சுதாவை உள்ளே விடுகிறேன்.

றஜனி