ஃபைன்பெர்க் அம்மாவிடம் நான் இரண்டு தடவை பேசியது

ஸ்பில்லர்ஸ் ஆர்ம், நியூஃபவுண்ட்லாந்து
ஆகஸ்ட், வெள்ளிக்கிழமை காலை

என் தங்கை பெற்று நான் வளர்த்த ரோவீனாவுக்கு மாமா லீண்டர் எழுதிக்கொள்வது. நானும் உன் ஆல்மா அத்தையும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர. அது மழைக்கு இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது, வானொலிக்காரன் என் முழங்காலைக் கேட்டுக்கொண்டுதான் வானிலை வாசிக்கிறான் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தது யார் என்று நீ கேட்க வேண்டாம். நீ அங்கே டொராண்டோவில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல், சிரித்த முகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். புதன்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாய், நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் புதன்கிழமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றது எதுவும் எனக்கு எழுத வராது. நீ கூப்பிட்டபோது நம் அடுக்களையில் நாற்பது பேர் இருந்தார்கள். சரி, பதினான்கு பேர். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் எந்த வக்கீல் ஆபீசும் யாருக்கும் பயிற்சி இடம் தருகிறேன் என்று வாயைத் திறக்கக் கூடாது, அப்படி ஒரு விதி அங்கே இருக்கிறது என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அதை நான் ஊர் முழுக்க விளக்கியிருந்தேன், உங்களுக்கு ஐந்து என்றால் நமக்கு ஆறரை, அதனால் ஆறு மணியிலிருந்தே ஆட்கள் அவரவர் கோப்பையோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். மர்ட்டில் கருப்பஞ்சாற்றுப் பாகு போட்ட ரொட்டி இரண்டு கொண்டுவந்தாள். ஆறரை ஆனது, மணி அடிக்கவில்லை. அடுத்த வீட்டு கேலப் இருக்கிறானே, 'லீண்டர், போன் கம்பி சரியாத்தான் இருக்கா, போன குளிர்காலம் நீயே ஆணியடிச்சயே' என்றான், பாவி. ஆறு முப்பத்திரண்டுக்கு அடித்தது. 'கிடைச்சிருச்சு மாமா' என்றாய். நான் அதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை, என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கேலப் தொப்பியைக் கழற்றினான். அவன் தலைமுடியை நான் பார்த்து இருபது வருஷம் இருக்கும், இப்போது பார்க்க ஒன்றும் இல்லை.

முப்பத்தொரு ஆபீசுக்கு எழுதிப் போட்டாய், நாலு பேர் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், அதில் நீ ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான், வேலை செய்கிறவர்கள் பக்கம் நின்று வாதாடுகிற ஆபீஸ். ஊரில் நான் நூறு ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் நூறு என்றே சொல். நண்டு ஆலையை ஒரேயடியாகப் பூட்டின பிறகு இந்தத் துறையிலிருந்து போன பிள்ளைகளெல்லாம் உன் அம்மா போனது போல ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குத்தான் போனார்கள், அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நீதிபதி எதிரே நிற்கப் போகிறவள் நீ ஒருத்திதான், அதை நினைத்தால் இந்த முழங்காலோடு நான் மலையேறுவேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உனக்கு இடம் கொடுத்த ஃபைன்பெர்க் அம்மா உன்னிடம், 'உங்க மாமா எங்கிட்ட ரெண்டு தடவை பேசினாரு, ரெண்டாவது தடவை என்ன பேசினாருன்னு அவரையே கேட்டுக்கோங்க' என்று சொன்னாராம். நீ கேட்டாய், நான் 'எல்லாம் உன்னைப் பத்தி உசத்தியாத்தான்' என்று மழுப்பிவிட்டேன். அத்தனை பேர் காதுகளும் என் வாயருகே இருந்தன, நான் என்ன செய்ய.

நடந்தது இது. செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது. ஆல்மா மாவுக் கையோடு எடுத்து, 'டொராண்டோவிலேர்ந்து யாரோ ஒரு அம்மா, வக்கீலாம், உன்னைத்தான் கேக்குறாங்க, ஒழுங்காப் பேசு' என்று நீட்டினாள். உன் விண்ணப்பத்தில் நம் ஊர்க்கூடக் குழுத் தலைவர் என்று என் பெயரை விசாரிக்கக் கொடுத்திருக்கிறாய், மாமா என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய், உன் குணம் அது. அந்த நேரம் பார்த்து கேலப் நம் அடுக்களையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் இல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேனோ என்னவோ. கேட்க ஆள் இருந்தால் என் நாக்கு தானாக நடக்கும், உனக்குத் தெரியாததா.

ரோவீனா இங்கே ஊர்க்கூடத்தில் என்ன வேலை செய்தாள் என்று அந்த அம்மா கேட்டார். நான் ஆரம்பித்தேன். நண்டு ஆலைக்காரன் மூன்று வக்கீல்களை விமானத்தில் இறக்கினான், பத்தொன்பது வயதுப் பெண் எழுந்து நின்றாள், சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலே பக்கம் பக்கமாகச் சொன்னாள், மூவரும் அன்றைக்கே கேண்டர் விமான நிலையத்துக்கு ஓடினார்கள், ஒருவன் பெட்டியைக்கூட எடுக்கவில்லை, அந்தப் பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன். கேலப் தொடையில் தட்டிக்கொண்டான், அது என் பாய்மரத்துக்கு இன்னும் காற்று கொடுத்தது. அமைச்சர் போன் செய்து மன்னிப்புக் கேட்டார் என்றும் சொன்னதாக ஆல்மா சொல்கிறாள், எனக்கு அது நினைவில்லை, ஆனால் சொல்லியிருப்பேன்.

நான் மூச்சு விட்ட இடத்தில் அந்த அம்மா மெதுவாக, 'அப்படியா? அவங்க விண்ணப்பத்துல, சிலருக்கு மனு எழுத உதவினேன்னு மட்டும்தானே போட்டிருக்காங்க' என்றார். 'அது அவ அடக்கம்' என்றேன். அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் கேலப்பைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

ஆல்மா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயம். 'ஏன்யா, அவ ஒண்ணு எழுதியிருக்கா, நீ ஒண்ணு சொல்லியிருக்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்யின்னுதானே அந்தம்மா நெனைப்பாங்க? நீ யாரு, அவங்களுக்கு என்ன தெரியும்? காகிதத்துல இருக்கறது அவ பேரு. வக்கீலுக்கு நாணயம் போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கு?' என்றாள். கேலப்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். 'நாளைக்கு ஆறரைக்குத்தானே லீண்டர் முடிவு' என்று கேட்டுவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

ரோவீனா, நான் புயலில் படகு கவிழ்ந்து மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்தவன், சரி, ஒரு மணி நேரம், அப்போதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. உன் ஏழு வருஷப் படிப்பை நான் ஏழு நிமிஷத்தில் கவிழ்த்துவிட்டேன் என்று தோன்றியது. மத்தியானம் ஜாமுக்குக் குட்டிக் குட்டியான பேக்ஆப்பிள் பழம் பறிக்கப் போகிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு, ஆல்மாவின் கைப்பேசியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சதுப்பு நிலத்துக்குப் போனேன். அங்கே அந்தப் பெரிய பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், சுற்றிலும் கேட்க ஆள் கிடையாது, கொசு மட்டும்தான். காலையில் போன் வந்த நம்பருக்கு முதல் தடவை கூப்பிட்டபோது ஃபைன்பெர்க் அம்மா கூட்டத்தில் இருக்கிறார் என்றாள் அங்கே இருந்த பெண். இரண்டாவது தடவையும் கூட்டம். மூன்றாவது தடவை, 'ஐயா, ஏதாவது சொல்லணுமா, நான் எழுதி வெச்சுக்கறேன்' என்றாள், 'இது எழுதி வைக்கிற சங்கதி இல்லம்மா, நானே வாயால சொன்னது, நானே வாயால எடுக்கணும்' என்றேன். அதற்கப்புறம் அவரே வந்தார்.

காலையில் நான் சொன்னதை அடித்துவிடுங்கள் என்றேன். எதையெல்லாம் என்றார். எல்லாவற்றையும் என்றேன். 'அந்த மூணு வக்கீல்?' என்றார். வக்கீலே வரவில்லை என்றேன். 'பெட்டி?' என்றார். அது தபால்காரன் விட்டுப்போன பெட்டி என்றேன். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. 'சரி, அப்ப என்னதான் நடந்துச்சு, சொல்லுங்க' என்றார்.

சொன்னேன். அந்த வருஷம் ஆலையைச் சீசன் முடிய இரண்டு வாரம் முன்னதாகவே பூட்டினார்கள், வேலை பார்த்த நேரத்தைச் சீட்டில் எழுதும்போது கழுவித் துடைத்த நேரத்தை விட்டுவிட்டார்கள், அதனால் வேலையில்லாத குளிர்காலத்துக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகைக்கு வேண்டிய மணிநேரம் பதினொரு பேருக்குப் போதவில்லை. என் மருமகள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் கூடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாள். வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினாள், எழுதியதை வாசித்துக் காட்டினாள், இதுதானே நீங்க சொன்னது என்று கேட்டாள், அவர்கள் தலையாட்டும் வரை அடுத்த வரிக்குப் போகவில்லை. அவ்வளவுதான் அம்மா, ஒருவரும் எழுந்து நிற்கவில்லை, ஒருவரும் ஓடவில்லை. எல்லாருக்கும் கிடைத்ததா என்று கேட்டார். காலையில் கேட்டிருந்தால் நூறு பேருக்குக் கிடைத்தது என்றிருப்பேன். ஏழு பேருக்குக் கிடைத்தது, நாலு பேருக்குக் கிடைக்கவில்லை என்றேன். போன் போட்டு முடிவைத் தெரிந்துகொண்டு, அந்த நாலு பேருக்கும் தபால் போகுமுன் அவளே வீடு வீடாக நடந்து போய், கிடைக்கவில்லை, இந்தக் காரணம் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள், மர்ட்டில் கதவை முகத்தில் சாத்தினாள், இவள் படியிலேயே நின்றாள், மர்ட்டில் திரும்பத் திறக்கும் வரை. அந்த மர்ட்டில்தான் புதன்கிழமை ரொட்டி கொண்டுவந்தவள்.

அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவர் கேட்டார், 'மேசையில நடந்ததெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? காலையில சொன்னதும் நீங்கதான், இப்ப சொல்றதும் நீங்கதான். எதை நான் நம்பறது?' என்று. நியாயமான கேள்வி. வக்கீல் அல்லவா.

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நீ அதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். அந்த ஆலையில் நானும் வேலை பார்த்தவன், அந்தப் பதினொன்றாவது ஆள் நான்தான் என்றேன். ஊருக்கு நான் பதினொன்றாம் வகுப்பு முடித்தவன், உண்மையில் ஆறு. இப்படிக் கடுதாசி எழுத எனக்கு வரும், பேசுகிற மாதிரியே எழுதிக்கொண்டு போகலாம், ஆனால் கட்டம் போட்ட அரசாங்கத் தாளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் மீன்குஞ்சு மாதிரி கலைந்து ஓடும். கூடத்தில் கடைசி ஆளும் போகும் வரை மேற்பார்வை பார்க்கிறவன் மாதிரி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் தொப்பிக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தேன். என் மருமகள் ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்கு வாசித்த அதே குரலில், அதே வேகத்தில், எனக்கும் வாசித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆகிறது, கோபத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இது என் பெண்டாட்டிக்கே தெரியாது அம்மா, நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் நான் கதை கட்டினால் என்னைப் பெரிய ஆளாக வைத்துத்தான் கட்டுவேன் என்றேன்.

அவர் 'அது சரிதான்' என்றார். பிறகு, 'திரும்பக் கூப்பிட்டதுக்கு நன்றி, மிஸ்டர் பார்டி' என்றார், அவ்வளவுதான். உனக்குக் கெடுதலா நல்லதா என்று தெரியாமலே ஒருநாள் முழுக்கச் சுற்றினேன். வாளியில் எட்டுப் பழம்தான் இருந்தது, ஆல்மா அவற்றைக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தாள்.

இடம் கிடைத்தது என்னால் இல்லை ரோவீனா. ஊரில் நான் வேறு மாதிரிதான் சொல்வேன், ஃபைன்பெர்க் அம்மா என்னையே வக்கீலாகச் சேரச் சொன்னார் என்று நேற்றே கேலப்பிடம் ஆரம்பித்துவிட்டேன், அது வேறு கணக்கு. ஆனால் உனக்குச் சொல்கிறேன், நான் ஊதிய அத்தனையையும் எடுத்துவிட்ட பிறகு நீ செய்தது மட்டும்தான் மிச்சம் நின்றது, அதற்குத்தான் அவர்கள் இடம் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் உன்னைப் பற்றி நான் கட்டியதிலெல்லாம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று அந்தப் பாறைமேல் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

போனில் சரி என்று சொன்னதோடு விட்டுவிடாதே, ஒப்புக்கொண்டதை எழுத்திலும் கொடு, அவர்கள் தருகிற தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, இதை உனக்கு நான் சொல்கிறேன் பார். மற்ற மூன்று ஆபீசுக்கும் மரியாதையாக இரண்டு வரி எழுது. உன் அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது பேசு, நீ போன் வைத்த பிறகு அவள் என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் அழுதாள், சந்தோஷத்தில்தான். அத்தை பேக்ஆப்பிள் ஜாம் இரண்டு பாட்டில் அனுப்புகிறாள், ஒன்று உனக்கு, ஒன்று அந்த ஃபைன்பெர்க் அம்மாவுக்கு, லஞ்சம் என்று நினைப்பார்களோ என்னவோ, விதி என்னவென்று கேட்டுவிட்டுக் கொடு. கடவுள் உன் கூடவே நடக்கட்டும், உன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் உன் குரல் அதே மாதிரி இருக்கட்டும்.

கடிதத்தை உறையில் போட்டு நானே ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வேறு ஊரில் முகம் தெரியாத ஒரு அம்மாவுக்குச் சொன்னதை இந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறவளுக்குச் சொல்லாமல் இருப்பது சரியில்லை. அதனால் தாள்களை அடுக்களை மேசைமேல் அப்படியே விரித்து, பறக்காமல் சர்க்கரை ஜாடியை மேலே வைத்துவிட்டுத் துறைமுகம் பக்கம் போகிறேன். ஆல்மா படித்துவிட்டு அவளே ஒட்டி அனுப்பட்டும். உனக்கு இது வந்து சேர்ந்தால், அவள் படித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்.

உன் மாமா,
லீண்டர் பார்டி
(ஆறாம் வகுப்பு)