ஏலத்துக்கு வந்த ப்ரீஆம்ப்

காரைக்கால்மேடு
20.8.2006

அன்பு மகள் வினிதாவுக்கு உன் சித்தப்பா சுந்தரமூர்த்தி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, படகு, முட்டையிட மறுக்கும் இரண்டு கோழி உட்பட அனைவரும் சுகம், பாரிசில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானா என்று மறைக்காமல் எழுதவும். உன் அப்பா இருந்திருந்தால் நாலு வரியில் முடித்திருப்பார், அவர் இடத்தில் நான் இருப்பதால் நீ முழுதும் படித்தாக வேண்டும். இனி நான் சொல்லப்போகும் கதையை இந்தக் காரைக்காலில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று கடல்மேல் சத்தியம் செய்கிறேன்.

மாப்பிள்ளை அனுப்பிய சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் பழுதில்லாமல் வந்தன, நீ பேசி அனுப்பிய சிடியை அன்றைக்கே போட்டோம், அம்மா நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்புடுறேன் என்று நீ சொன்னதும் உன் அம்மா, இது எம்பொண்ணு கொரலே இல்ல, வத்திப்போய்க் கெடக்கு, அதுக்கு என்னமோ ஆயிடுச்சு என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போகாமல் உட்கார்ந்துவிட்டார். நான் விடுவேனா, கோளாறு பொண்ணுகிட்ட இல்ல அண்ணி, பொட்டிகிட்ட, பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல ப்ரீஆம்ப்னு சத்தத்த ஏத்திக் குடுக்குற பொட்டி ஒண்ணு வச்சா கொரல் தானா ஊறிடும் என்றேன். பிளேயரிலேயே சத்தம் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது, இன்னொரு பெட்டி தண்டம் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்தான், அதற்காக ஒரு சித்தப்பா வாயை மூடிக்கொள்ள முடியுமா.

மாதா கோயில் திருவிழாவுக்கு மைக்செட் கட்டும் அற்புதராஜிடம் ஒரு ப்ரீஆம்ப் இரவல் வாங்கி எல்லாவற்றையும் மீன் ஏலக் கொட்டகைக்கே தூக்கிப் போய்விட்டோம், ஏனென்றால் நம் ஊரில் எது உசத்தி என்று ஏலம் விட்டால்தான் தெரியும். தார்ப்பாய்க்குப் பின்னால் அற்புதராஜ் ப்ரீஆம்ப் வைத்தும் வைக்காமலும் வயரை மாற்றி மாற்றிச் செருக, ஏலக்காரி காசியம்மா உன் குரலை வஞ்சிர மீன் மாதிரி ஏலம் கூறினார். ப்ரீஆம்ப் வைத்ததும் விலை பிய்த்துக்கொண்டு ஏறியது. சாப்பிடக் கூப்பிடுகிறாய் என்று நினைத்து கோவிந்தராசு நடுக்கடலிலிருந்து படகைத் திருப்பினான், மண்டபத்தூர்க்காரர்கள் அங்கிருந்தே நாங்களும் நல்லா இருக்கோம் என்று பதில் கத்தினார்கள், ஒரு கொடுவா மீன் கூடையிலிருந்து எழுந்து காது கொடுத்தது. அப்புறம் அற்புதராஜ் தார்ப்பாயை விலக்கி, இதுல சத்தம் கொஞ்சம் கூட இருக்குங்க, அதான் மயங்குறீங்க என்று சொல்லி இரண்டையும் ஒரே அளவுக்குக் குறைத்து வைத்தான். மறுபடி ஏலம் விட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ரெண்டும் ஒரே மீனுடா சுந்தரம் என்று காசியம்மா என்னைக் காறித் துப்பாத குறை. ஆகவே மாப்பிள்ளை சொன்னதே சரி, ப்ரீஆம்ப் வேண்டாம், தோற்றேன் என்று ஊரறிய ஒப்புக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க உன் அம்மா மட்டும் எழுந்து, ரெண்டுலயும் எம்பொண்ணு அழுது முடிச்சி, மூஞ்சி கழுவிட்டு வந்துதான் பேசியிருக்கு என்றார்.

இனி சிடி அனுப்பாதே, ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு பங்கஜவல்லி போனுக்குக் கூப்பிடு, உன் அம்மா பக்கத்திலேயே இருப்பார். மாப்பிள்ளைக்கு ஆசி சொல், நீ எந்தக் குறையுமில்லாமல் நூறு வயசு இரு. ஏலம், கோவிந்தராசு படகு, கொடுவா மீன் எல்லாம் நான் கட்டிவிட்டது, வீட்டில் நான், உன் அம்மா, அற்புதராஜ் மூன்று பேர்தான் கேட்டோம். உன் அம்மா சொன்னது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கோ. சுந்தரமூர்த்தி