அப்பா மாட்டிய வெயில் கரண்ட்

அன்பு மகள் ஷைனிக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் மாடுகளும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன், இங்கே சுகமில்லாமல் கிடப்பது உன் அப்பாவின் மானம் ஒன்றுதான்.

கனடாவில் உங்கள் ஊர் கரண்ட் ஆபீஸ் கொடுத்த நோட்டீஸைப் படம் பிடித்து அனுப்பினாயே, தண்ணீர் இவ்வளவு, காற்று இவ்வளவு, எரிவாயு இவ்வளவு என்று கலர் கலராகப் பங்கு பிரித்து, அதில் நீயாக விருப்பப்பட்டுக் கூடுதலாகக் கட்டிப் பச்சைக் கரண்ட் வாங்குகிறாய் என்று, அதை அப்பா பாலக்கோடு தக்காளி மண்டி முழுக்கக் காட்டிவிட்டார். காற்றாலைக் கரண்டில் இட்லி கொஞ்சம் மெத்தென்று வருகிறதா என்று எழுது. நமக்கு மேட்டூர்த் தண்ணீரும் கரியும் தெற்கத்திக் காற்றும் ஒரே கம்பியில்தான் வருகிறது, வருகிற அன்றைக்கு. மகளுக்கு இளைத்தவரா அவர், கட்டாயம் இல்லாத திட்டத்தில் தானே போய்ச் சேர்ந்து மாடியில் சோலார் பலகை போட்டார். பங்குச் சாமியாரை வரவழைத்து ஜெபம், தெருவுக்கே கேசரி. இனி ஊரே இருண்டாலும் நம் வீடு எரியும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. உச்சி வெயிலில் நம் வீட்டு ஃபேனும் நின்றது. பக்கத்து வீட்டு ராமக்காள் கேசரியை வழித்துக்கொண்டே, "ஏனுங்கண்ணா, சூரியனும் லீவுங்களா?" என்று கேட்டாள்.

பலகை மாட்டிக் கொடுத்தவனுக்குப் போன் போட்டால், கம்பியில் கரண்ட் நின்றால் இதுவும் நிற்கும், இல்லாவிட்டால் நம் கரண்ட் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரைக் கொன்றுவிடும், மழைக்கும் இருட்டுக்கும் வேண்டுமென்றால் பேட்டரி தனி என்றான். அதை அப்பா தெருவில் சொன்னாரா, சொல்லவில்லை. பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாங்கி மாட்டுக் கொட்டகையில் ஒளித்து, மெயினை அணைக்காமலே வீட்டு வயரில் கொடுத்தார். அடுத்த முறை கரண்ட் போனதும் நம் வீடு மட்டும் ஜெகஜோதி. என்ன சத்தம் என்று கேட்டவர்களிடம், "வெயில அரைக்குதில்ல, சத்தம் வராதா?" என்றார். ராமக்காள் வீட்டு ஃபேனும் சேர்ந்து சுற்றியது, அதற்கும் மீசையை முறுக்கிக்கொண்டார். நான் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தேன், இந்த மனுஷன் எந்த வயரை எதில் சொருகினார் என்று எனக்கென்ன தெரியும்.

அப்போது லைன்மேன் கோவிந்தன் வேர்த்து ஒழுக ஓடி வந்தார். "ட்ரான்ஸ்பார்மர்ல ஃபீஸப் புடுங்கிட்டுத்தாங்க கம்பத்துல ஏறுனேன், டெஸ்டர் வெச்சா எரியுது. உங்க வூட்டுல இருந்துதாங்க கரண்ட் ஏறுது. வெறுங்கைய வெச்சிருந்தா இந்நேரம் என்னெப் பொணமாத்தான் எறக்கியிருப்பீங்க." நான் கொட்டகைக்கு ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினேன், அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் அப்பா அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார், நானும் கூடப் போனேன், இல்லையென்றால் பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். கோவிந்தனின் மனைவி கோகிலா வாசலிலேயே நிறுத்தி, "பச்சக் கரண்ட்டு, பச்சக் கரண்ட்டுன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, கம்பத்துல ஏறுறவன் ரத்தம் செவப்புத்தானுங்க" என்றாள். நாற்பது பேரை மண்டியில் அதட்டுகிற மனுஷன், குனிந்த தலை நிமிராமல் திரும்பி வந்தார்.

இப்போது கரண்ட் போனால் இருட்டில் என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எப்போது வரும் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஞாயிறு பூசையை விடாதே. அப்பாவுக்குப் போன் போட்டால் தக்காளி விலையை மட்டும் கேள். மாதா உங்கள் இருவரையும் காப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா புஷ்பமேரி