வோதா கேட்ட விருந்தாளி

அன்புள்ள பாவா,

செவிலிமேட்டுக் காற்றுக்கு உன் தொப்பை இன்னும் வளர்ந்திருக்கும். இங்கே நடந்த கூத்தைக் கேள்.

நேற்று புடவை பார்க்க இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். கூட வந்தவர், "ரெண்டு பேரும் யுகோஸ்லாவியாக்காரங்கபா" என்றார். உடனே ஒருவன் தான் செர்பியன் என்றான், மற்றவன் தான் குரோவேசியன் என்றான். சும்மா இருக்காமல், பேசுவது என்ன பாஷை என்று கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு பேர் சொல்லி மல்லுக்கு நின்றார்கள். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

அந்த வேகத்தில் செர்பியன் நான் வைத்த மிளகாய் பஜ்ஜியை முழுசாகக் கடித்துவிட்டு, "வோதா, வோதா" என்று அலறினான். கேட்பது தண்ணீர் என்று எனக்கு விளங்குமுன் குரோவேசியன் என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி அவனுக்குத் தண்ணீர் புகட்டினான். குடித்து முடித்ததும் மறுபடி சண்டை!

அவர்கள் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் சண்டைதான் ஞாபகம் வந்தது. நம் தெருப் பெயர்ப் பலகையில் 'தெலுங்கர் தெரு' என்று எழுதச் சொல்லி நீயும், கூடாது என்று நானும் கத்தினோம். அந்தக் கோபத்தில் நீ வீட்டைக் காலி செய்த அன்று வெயிலில் சாமான் ஏற்றினாய். தண்ணீர் நீயும் கேட்கவில்லை, நானும் தரவில்லை.

தையில் நம் தேவகிக்குக் கல்யாணம். கூறைப்புடவை தறியில் ஏறிவிட்டது. நான் புடவையின் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நீ நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவதாக அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொன்னாய். வேறு ஆள் வைக்கட்டுமா என்றால், "மாமா வரலைன்னா எனக்கு நூல் பொடவையே போதும்பா" என்கிறாள்.

பலகைச் சண்டையை விடச் சொல்லவில்லை. நெய்துகொண்டே போடலாம். சொம்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

தறியில் உனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கும்,
உன் மச்சான்