காற்றளக்கும் பெட்டியைக் குளிப்பாட்டுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர்
(தெருவாரால் ‘ரைட் மாமா’ என்று அழைக்கப்படுபவர்),
மூன்றாம் மாடி, குப்பைமேட்டைப் பார்த்த வீடு.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
காற்றுத் தரக் கண்காணிப்புப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்காவில் நிறுவப்பட்டுள்ள காற்றளக்கும் பெட்டி, தன்னைச் சுற்றித் தண்ணீர் தெளிக்கப்படுவதால் பொய் சொல்லி வருவது குறித்தும், அப்பொய்யை நம்பி என் மனைவி வீடு திரும்பவிருப்பதைத் தடுத்து உதவக் கோரியும்.

பார்வை: இதே பொருள் குறித்து அடியேன் முன்னர் அளித்த மனுவும், அதற்குத் தங்கள் அலுவலகம் அருளிய ஒன்றரை வரிப் பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவில் நான் எழுதப்போகும் வரலாற்றைத் தாங்கள் நம்பப்போவதில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். தங்களைக் குறைகூறும் நோக்கம் எனக்கு இல்லை. என்னை யாருமே நம்புவதில்லை. பிதுங்கி வழிந்த பேருந்தின் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, ‘உள்ள காலியா இருக்கு, ஏறுங்க’ என்று காலமெல்லாம் கூவியவன் நான். பணி ஓய்வு எனக்குத்தான் கொடுத்தார்கள், என் வாய்க்குக் கொடுக்கவில்லை.

2. எங்கள் தெருவின் கடைசியில் முன்பு ஓர் ஏரி இருந்தது. ஊரார் வீசியதையெல்லாம் மறுபேச்சின்றி வாங்கி வாங்கி அது குப்பைமேடாகிவிட்டது. அந்த மேடு இப்போது அடிவயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு இரவும் பகலும் புகைகிறது. மேலே அணைத்தால் கீழே எரிகிறது. கீழே இறங்கி அணைக்க ஆளில்லை. சாலையை அகலப்படுத்தும் பொருட்டு ஓரத்து மரங்களையும் வெட்டிவிட்டபடியால், புகையை வழியில் நிறுத்தி ‘எங்கே போகிறாய்’ என்று கேட்பதற்கும் நாதியில்லை. நேராக மூன்றாம் மாடிக்கு வந்துவிடுகிறது.

3. புகையின் அடர்த்தி குறித்துத் தங்கள் அலுவலகப் பயன்பாட்டிற்காகச் சில விவரங்களைச் சமர்ப்பிக்கிறேன். எங்கள் தெருக் காகங்கள் பறப்பதைக் கைவிட்டுச் சுவரைப் பிடித்தபடி நடந்து போகின்றன. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் நிறச் சீருடையாக இறங்கி வருகிறது. சூரியன் எங்கள் வீட்டு எண்ணை விசாரித்துவிட்டு, கண்டுபிடிக்க முடியாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. காலையில் ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும்: நேற்று யார் வீட்டுச் செருப்பு அறுந்தது, எந்தப் பட்டறையில் ஒயரை உருக்கிச் செம்பு எடுத்தார்கள், எந்த லாரிக்கு டயர் மாற்றினார்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடுவேன். செய்தித்தாள் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

4. என் மனைவி பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். மைதானத்தில் அவள் விசிலை ஊதினால் பிள்ளைகள் நிற்பார்கள். அந்த வழியாகப் போகும் என் பேருந்தும் நின்றுவிடும், ஏனெனில் ஓட்டுநருக்கு அது என் விசிலா அவள் விசிலா என்று தெரியாது. இப்படி நடுச்சாலையில் அடிக்கடி நின்ற வகையில் ஏற்பட்ட பழக்கமே எங்கள் திருமணம். அவ்வளவு மூச்சு வைத்திருந்தவள், புகை தொடங்கிய பிறகு மாடிப்படியின் முதல் திருப்பத்திலேயே உட்கார ஆரம்பித்தாள். பிறகு இருமல். பிறகு இருமலுக்கு நடுவே கொஞ்சம் பேச்சு.

5. நெஞ்சு மருத்துவர் படம் எடுத்தார். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு நுரையீரல் தெரியவில்லை. எங்கள் வார்டின் வரைபடம் தெரிந்தது. இடது பக்கம் கீழே குப்பைமேடு, நடுவே மரம் வெட்டிய சாலை, மேலே சிமெண்ட் கலக்கும் கொட்டகை. ஒரு நிறுத்தம் விடாமல் நான் பெயர் சொல்லிக் காட்டினேன். மருத்துவர் சிரிக்கவில்லை. அவரும் இருமிக்கொண்டுதான் இருந்தார். “மருந்து நான் தரேன். காத்து என்கிட்ட இல்ல. இந்தம்மாவ நல்ல காத்து இருக்கற இடத்துக்கு அனுப்பி வைங்க” என்றார்.

6. அதன்படி, மலைமேல் உள்ள ஊரில் பெண்கள் விடுதி ஒன்றின் காப்பாளராகப் பணிபுரியும் எங்கள் மகளிடம் அவளை அனுப்பினேன். நானும் கூடவே போயிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கக்கூடும். மகளின் குடியிருப்பு விடுதிக்கு உள்ளேயே இருக்கிறது. மாலை மணி அடித்த பிறகு ஆண்பிள்ளை எவரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. பெற்ற தகப்பனுக்கு விலக்கு உண்டா என்று விதியைப் புரட்டிப் பார்த்தோம், இல்லை. ஆகவே மனைவியைப் பார்க்கப் போனால் வாசல் காவலாளியின் பெஞ்சில் அமர்ந்து, கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகப் பேசிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடித்துத் திரும்புகிறேன். அங்கே அவள் படியேறுகிறாள். விடுதிப் பெண்களை வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று உயிரை எடுப்பதாகவும் கேள்வி.

7. இங்கே வீட்டில் அவளுடைய நாற்காலி காலியாக இருப்பதாகச் சொல்ல முடியாது. புகை வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. மாலையில் தேநீர் போட்டு அதன் முன்னாலும் ஒரு டம்ளர் வைக்கிறேன். அன்றைய செய்திகளைச் சொல்கிறேன். எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை என்பது ஒன்றுதான் அதனிடம் உள்ள குறை. இரண்டாவது டம்ளரையும் நானே குடித்துவிட்டுக் கழுவி வைக்கிறேன்.

8. இனி பெட்டிக்கு வருகிறேன். தங்கள் பிரிவு எங்கள் வார்டுக்கென்று காற்றளக்கும் பெட்டி ஒன்றைப் பூங்காவில் நிறுவியிருக்கிறது. காற்று நன்றாக இருந்தால் பெட்டியின் பலகையில் பச்சை எரியும், கெட்டால் சிவப்பு. அதே நிறம் அந்தக் கணமே உலகெங்கும் உள்ள கைப்பேசிகளில் தெரியுமாம். பெட்டி வைத்த புதிதில் சிவப்புதான் எரிந்தது. பிறகு தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. தெருத் தூசியை அடக்கத் தெரு முழுவதும் தண்ணீர் தெளிக்க வேண்டியது அந்த லாரியின் வேலை. ஆனால் அது விடிந்ததும் நேராகப் பூங்காவுக்கு வந்து, பெட்டியைச் சுற்றியுள்ள புல், செடி, வேலி, பெஞ்சு, அங்கே நடைபயிலும் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் ஆகிய அனைத்தையும் குளிப்பாட்டிவிட்டு, தொட்டி காலியானதும் போய்விடுகிறது. மதியம் மறுபடியும் வருகிறது. எங்கள் தெருவுக்கு ஒரு சொட்டும் வந்ததில்லை.

9. இதுபற்றி லாரிக்காரரிடம் நான் சட்டையைப் பிழிந்துகொண்டே விசாரித்தேன். நல்ல மனிதர். மூக்கில் துண்டு கட்டியிருந்தார். “பெட்டி சிவப்பாச்சுன்னா எனக்கு போன் வருது மாமா. தெரு சிவப்பானா யாரும் கூப்பிடறதில்ல” என்றார். இதில் அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். கூப்பிடுகிறவர் எவரோ அவரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிட்டிருக்க மாட்டார். அவருக்கும் மேலிருந்து ஒரு போன் வந்திருக்கும்.

10. விளைவாக, இந்த ஊரிலேயே சுத்தமான காற்று பெட்டியைச் சுற்றிச் சில அடி தூரத்துக்கு மட்டும் கிடைக்கிறது. மூச்சுத் திணறுகிறவர்கள் அங்கே வரத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, அனுபவம் உள்ளவன் என்ற முறையில் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ‘இழுத்தவங்க இறங்குங்க, இழுக்காதவங்க உள்ள போங்க, பெட்டிகிட்டயே நிக்காதீங்க’ என்று குரல் கொடுத்து வரிசையை நகர்த்தி வருகிறேன். பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். வெளிநாட்டுத் தூதர் ஒருவர் காற்றைப் பாட்டிலில் பிடித்துப் போனதாகவும் சொல்ல ஆசைதான். உண்மையில் வருகிறவர்கள் தையற்கடைக்காரர், அவருடைய மாமியார், நான் ஆகிய மூவர். நாங்களும் பேசிக்கொள்வதில்லை, மூச்சு வீணாகிறது.

11. இதுகுறித்து நான் முன்னர் அளித்த மனுவுக்கு, ‘பெட்டியின் அளவீட்டின்படி தங்கள் பகுதியில் காற்றின் தரம் நன்று என உள்ளதால் மனு முடித்துவைக்கப்படுகிறது’ என்று பதில் வந்தது. பொய் சொல்கிறது என்று யார்மேல் புகார் கொடுத்தேனோ, அவரையே சாட்சியாக விசாரித்து வழக்கை முடித்த நேர்த்தியைக் கண்டு வியந்தேன்.

12. வியப்போடு விட்டிருப்பேன். ஆனால் மலைமேல் என் மகளும் தினமும் கைப்பேசியில் அந்தப் பச்சையைப் பார்த்து வந்திருக்கிறாள். சென்ற வாரம் கூப்பிட்டு, காற்று சரியாகிவிட்டது, அம்மா உங்களை நினைத்தே இளைத்துப் போகிறாள், அனுப்பி வைக்கிறேன் என்றாள். நான் லாரி விவரத்தைச் சொன்னேன். புகை விவரத்தைச் சொன்னேன். சொல்கிற வேகத்தில் காகங்களும் நடந்து வந்துவிட்டன. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது இது: “அப்பா, சின்ன வயசுலேர்ந்து உங்க கதையக் கேட்டு வளந்தவ நான். பெட்டி மெஷின்ப்பா. அதுக்கு உங்கள மாதிரி கதை விடத் தெரியாது.”

13. பிறகு என் மனைவி பேசினாள். அவள் வராமல் இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், கதையெல்லாம் பலிக்காது என்று கண்டு, சுருக்கமாக ஒரு பொய் சொன்னேன். “இங்க நான் தனியா ரொம்ப நிம்மதியா இருக்கேன். நீ அங்கயே இரு” என்றேன். எங்கள் திருமண வாழ்வில் நான் சொன்ன எதையும் அவள் அரைப்பங்குக்கு மேல் நம்பியது கிடையாது. அன்று இதை முழுசாக நம்பிவிட்டாள். பிறகு, “அப்படியா சங்கதி? அந்த நிம்மதிய நேர்லயே வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த மாத முதல் தேதிக்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. மகள் அதைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள்.

14. ஆகவே, தங்கள் மேலான பார்வைக்குக் கீழ்க்கண்டவற்றை வைத்து வேண்டுகிறேன். பெட்டியைக் குளிப்பாட்டும் வேலையை உடனே நிறுத்தி, லாரித் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிவிட வேண்டும். பெட்டியைப் பூங்காவிலிருந்து கழற்றி, நாங்கள் மூச்சு விடுகிற இடத்தில், குறிப்பாக என் வீட்டு மாடிச் சுவரில் குப்பைமேட்டைப் பார்த்து மாட்ட வேண்டும். ஆணி அடிக்க என் அனுமதியை இம்மனுவே தருகிறது. முதல் தேதிக்கு முன்பாகச் செய்தால் பெட்டி சிவந்துவிடும். சிவந்தால் பயணச்சீட்டு ரத்தாகும். மனைவி வராமல் இருப்பதற்காக அரசாங்கத்திடம் மனுப் போடுகிற கணவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் சொல்லை நம்பாத குடும்பம் தங்கள் பெட்டியை நம்புகிறது. ஒரு வார காலம் அது உண்மை பேசினால் போதும், மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

15. பெட்டியைச் சரிசெய்துவிட்டு அதோடு கோப்பை மூடிவிட வேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏரி சீக்காளியாகி வெகுகாலம் ஆகிறது. அதன் வயிற்று நெருப்பை அணைத்து, குப்பையை அள்ளி, சாலையோரம் மறுபடி மரம் வைத்தால், என்றாவது ஒருநாள் யாரும் தண்ணீர் அடிக்காமலேயே பெட்டி பச்சையாகும். அன்று நானே பயணச்சீட்டு எடுத்து அனுப்புவேன். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரோடு காலம் தள்ளிக்கொள்கிறேன்.

16. இறுதியாக ஒன்று. அவள் ஊருக்குப் போவதற்கு முந்தைய மாலை, அடுப்படியில் ஏதோ எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை சுவரில் இருந்தது. பேச வரவில்லை. மற்றக் கையால் ஜன்னலைக் காட்டினாள். நான் ஓடிப்போய்க் கொக்கியைப் பிடித்தேன். திறந்தால் புகை உள்ளே வரும். மூடியே வைத்தால் காற்று கிடையாது. திறப்பதா, மூடியே வைப்பதா என்று தெரியாமல், கொக்கியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படியோ அந்த மூச்சு வந்தது. இதை மகளிடம் நான் சொன்னதில்லை. என் வாயில் வந்தால் இதுவும் கதையாகிவிடும். இம்மனுவில் தாங்கள் எதைத் தள்ளினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தச் சிறு பகுதி மட்டும் உண்மை. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கி, தெருவின் சார்பிலும் என் சார்பிலும்,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர்

இடம்: மூன்றாம் மாடி
நாள்: முதல் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில்